கையில் மைக்

இன்றைக்கு எனக்கு ஒரே வேலை.
கை தூக்குகிறவரிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது,
கேட்டு முடித்ததும்
விட மனமில்லாத விரல்களிலிருந்து
நோகாமல் உருவிக்கொள்வது.

கோலக் கெட்டில். கோயில் மண்டபம்.
சிவப்பு நாற்காலி இருநூறு,
நீலம் நாற்பது, தமிழ்ப்பள்ளியில் இரவல்.
பசியாற நாசி லெமாக் நூற்றைம்பது பொட்டலம்.
முதல் அமர்வுக்கு வந்தவர் முப்பத்தொருவர்.
"இலக்கியத்துக்கு மெல்லத்தான் கூடுவாங்க" என்றார்
செயலாளர் பாக்கியநாதன்,
இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபடி.

கோலாலம்பூர் நாவலாசிரியர்
ரப்பர் மரம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.
சன்னலுக்கு வெளியே கண்ணெட்டும் மட்டும் செம்பனை.
வெட்டுக்கோடு வலமிருந்து இடமாக இறங்கும் என்று
அவர் காற்றில் கீறிக் காட்டியபோது
மூன்றாம் வரிசையில் ஐந்தாறு கைகள்
மடியில் இருந்தபடியே
இடமிருந்து வலமாகத் திருத்தி வெட்டின.
யாரும் மைக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வேறு ஆட்கள்.
"கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்குவார்கள்.
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கருத்து
பதினொரு நிமிடம் நின்றது.
கவிஞர் தண்ணீர் குடித்தார்,
மறுபடி குடித்தார்,
பாட்டில் காலியானதும் ஆமோதித்தார்.

நாலு மணிக்குக் குறும்பட இயக்குநர் ஷர்வின்.
இருபத்தாறு வயது, மேடையில் உட்காரத் தெரியாத கால்கள்.
ஒன்பதாம் வரிசையில் ஒரு கை,
முழங்கை வரைதான் எழுந்தது.
தனபாக்கியம். உதிரிப்பழம் பொறுக்குகிறவர்.
நகக்கண்ணில் செம்பனைக் காவி.
மைக்கை இரண்டு கையாலும் வாங்கினார்.
"தம்பி" என்றார்.
தன் குரல் நாலு பெட்டியிலிருந்தும் திரும்பி வந்ததைக் கேட்டு
"ஒண்ணுமில்ல" என்று நீட்டிவிட்டார்.
பிடி ஈரமாக இருந்தது.

ஏழரைக்குப் படம்.
கோயிலில் வாங்கிய வெள்ளை வேட்டித் துணி,
பின்சுவரோரம் வேலை முடிந்து வந்து நின்ற
வங்காளதேசத்துப் பையன்கள்.
திரையில் பழைய லயத்து வீடு,
அதன் வாசலில் தனபாக்கியம்!
விசில், கைத்தட்டல், யாரோ "அத்தே!" என்று கூவினார்.
வாயைத் திறந்தார்.
வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல்,
பால் மாவு போலச் சலித்தெடுத்த குரல்.
மண்டபமே சிரித்தது.
நான் மட்டும் ஒன்பதாம் வரிசையைப் பார்த்தேன்.
நாலு மணிக் கேள்வி
அங்கே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் மழை.
தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுகிற கெடா மழை.
படம் ஓடியது, சத்தம் செத்துவிட்டது.
மகன் பையைத் தோளில் மாட்டுகிறான்,
தாய் நிலையைப் பிடித்து நின்று வாயசைக்கிறாள்,
அப்போது இருட்டுக்குள்ளிருந்து கரகரப்பாக,
மழைக்கு மேலே:

"போறதுன்னா போ.
சாவிய எடுத்துட்டுப் போயிடாத.
வீடும் ஒண்ணு, சாவியும் ஒண்ணு."

திரையில் உதடு, இங்கே குரல்,
நூலிழை பிசகவில்லை.
பழக்கதோஷத்தில் மைக்கோடு இரண்டடி ஓடி
நின்றுவிட்டேன்.
ஷர்வின் எழுந்து குமிழைத் திருகினார்.
கூட்டினாரா குறைத்தாரா,
அந்த மழையில் யார் கண்டது?
படத்துத் தாய் வாயை மூடிய பிறகும்
தனபாக்கியம் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார்.
அது எனக்குக் கேட்கவில்லை.

மழை விட்டதும்
பையன்கள்தான் நாற்காலி அடுக்கிக் கொடுத்தார்கள்.
தனபாக்கியம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
ஷர்வின் பக்கத்தில் போய் நின்று
தானும் குனிந்து தேடினார்.
என்ன பேசினார்கள் தெரியாது.
பேட்டரி கழற்றிக்கொண்டிருந்தேன்.

அறிக்கைக்கு எண்ணிக்கை வேண்டுமாம்.
கேள்வி கேட்டவர் பதினான்கு என்று எழுதிக் கொடுத்தேன்.
பாக்கியநாதன் தாளை மடித்துப் பையில் வைத்து,
"நீலத்துல ஒண்ணு குறையுதே,
பாத்தியா?" என்றார்.